பழைய பள்ளிவாசலும் இறந்தோர் உரிமையும்

இடம் போதாமற்போன பழையதோர் இறையில்லத்தை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாமா? மார்க்கச் சட்டத்தின் விடை எளியது. வக்பின் நோக்கம் தொழுகை. தேவை உண்மையாயின் கட்டலாம். ஆயினும், சட்டம் 'ஆகும்' என்று கூறிய பின்னரும் மனச்சான்று 'பொறு' என்று தடுக்கும் இடங்கள் சில உண்டு. இது அவற்றுள் ஒன்று.

பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லியை எடுத்துக்கொள்வோம். சென்னைவாசிகள் பலருக்கு அது நெடுஞ்சாலை ஒன்றின் பெயர்; அச்சாலையும் 1979இல் பெரியார் பெயருக்கு மாறிவிட்டது. ஊரோ மிகப் பழையது. இராமானுசர் போற்றிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த மண் அது. அங்கே 1653ஆம் ஆண்டில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கோல்கொண்டாவில் அப்துல்லா குத்புஷா அரசாண்ட காலம். கட்டியவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்பிகாரின் மகன் ருஸ்தம் என்று கல்வெட்டு கூறுகிறது. அஸ்தராபாத் என்பது காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே, இன்று குர்கான் என வழங்கும் ஈரானிய நகரம். எங்கோ பிறந்த மனிதர், இங்கே தொண்டை மண்டலத்தில் ஸஜ்தாவுக்கு ஓர் இடம் சமைத்தார்!

ருஸ்தம் அரசர் அல்லர். மீர் ஜும்லாவின் பணியாளர். மீர் ஜும்லாவோ வைர வணிகத்தால் உயர்ந்து, கர்நாடகப் பகுதியைக் கோல்கொண்டாவுக்காக வென்று, பின் அதே கோல்கொண்டாவைக் கைவிட்டு முகலாயர் பக்கம் சேர்ந்தவர். அஸ்ஸாம் படையெடுப்பின் முடிவில் 1663இல் இறந்தார். 1687இல் கோல்கொண்டாவும் வீழ்ந்தது. அந்தப் பேரதிகாரம் போயிற்று. பணியாளரின் பெயர் கல்லில் தங்கியது.

இனி மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் 1960களில் வந்தபின் இப்பகுதிகளில் மக்கள் பெருகினர். பிழைப்பைத் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து நம்மவரும் வந்து குடியேறினர். ஜும்ஆ நாளில் வெயிலில் தெருவோரம் பாய் விரித்துத் தொழுகிறவரிடம் போய்ப் பழமையின் பெருமையைப் பேசுவது நியாயமன்று. தேவையை நான் மறுக்கவில்லை. தேவையின் பெயரால் நடப்பது எல்லாம் தேவைதானா என்பதே என் வினா. பெயர் கூற விரும்பாத ஓர் ஊரில், எழுத்துப் பொறித்த பழங்கல் ஒன்று ஹவுளின் ஓரத்தில் கால் கழுவும் கல்லாகக் கிடக்கக் கண்டேன். உள்ளே, புதுச் சுவரில், நன்கொடையாளர் பெயர்கள் சலவைக்கல்லில் பொன்னெழுத்தில் மின்னின. பள்ளிவாசல்களைக் கொண்டு மக்கள் ஒருவரோடொருவர் பெருமையடிக்கும் காலம் வரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது நினைவுக்கு வந்தது.

இறந்தவருக்கு உரிமை உண்டா? உண்டு என்பதே நம் சட்ட அறிஞர்கள் கொண்ட முடிவு. வக்பு செய்தவர் விதித்த நிபந்தனையை அவர்கள் எவ்வளவு கண்ணியமாகக் காத்தார்கள் என்பதை பிக்ஹு ஓதியவர் அறிவர். ஆனால், இங்கு ஒருவர் குறுக்கிடலாம்: "ருஸ்தமின் நன்மை ஏட்டில் பதிவாகிவிட்டது, கல் உடைந்தால் கூலி குறையுமா?" குறையாது. கூலி கொடுப்பவன் கல்வெட்டைப் பார்த்துக் கொடுப்பவனல்லன். அப்படியாயின் அந்தக் கல் யாருக்கு வேண்டும்? நமக்கு வேண்டும். இந்த மண்ணில் நாம் நேற்று வந்தவரல்லர் என்பதற்கு அது சான்று. முன்னூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெருமாள் கோயில் மணியோசையும் நம் பாங்கோசையும் ஒரே ஊரில் கேட்டு வந்திருக்கின்றன என்பதற்கும் அதுவே சான்று. சான்றை நாமே அழித்துவிட்டுப் பிறர் நம் வரலாற்றை மறந்தார்கள் என்று குறைபடுவது என்ன நீதி?

திருவல்லிக்கேணியில் நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் 1795ஆம் ஆண்டுப் பெரிய பள்ளிவாசலில், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுளை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகன். அந்தக் கல் இல்லையேல் இதை இன்று யார் நம்புவர்?

மதீனாவின் பள்ளியே பன்முறை விரிவு கண்டது. உமர் (ரலி) அவர்கள் பெரிதாக்கினார்கள். ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லாலும் தேக்காலும் கட்டினார்கள். ஈச்சமரத் தூண்கள் போயின. எனினும் அபூலுபாபா (ரலி) தம்மைக் கட்டிக்கொண்ட தூண் எது என்று இன்றும் காட்டுகிறார்கள். பொருள் மாறியது, இடமும் பெயரும் மாறவில்லை. கஅபாவை மீண்டும் இடித்துக் கட்ட ஓர் அப்பாசியக் கலீபா விரும்பியபோது, அது அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும் என்று இமாம் மாலிக் (ரஹ்) தடுத்ததும் இங்கே எண்ணத்தக்கது.

எனவே முத்தவல்லிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கடப்பாரை எடுக்குமுன் கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவரை அழையுங்கள். படியெடுத்து, புகைப்படம் எடுத்து, ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பக்கவாட்டில் இடமிருந்தால் பழைய கூடத்தை உள்ளே வைத்தே விரியுங்கள். அதற்கு வழியில்லையேல், அந்தக் கல்லைப் புதுச் சுவரில் தொழுவோர் கண்ணில் படும் உயரத்தில் பதித்து, அதன் கீழே தமிழில் பொருளும் எழுதுங்கள். அதற்கு ஆகும் செலவு, மினாராவில் தொங்கவிடும் வண்ண விளக்குச் செலவை விடக் குறைவாகத்தான் இருக்கும்.