ஆதுர கைங்கர்யம்

ஸ்ரீ:

ப்ரஹ்மோத்ஸவத்தை முன்னிட்டுப் பல ஊர்களிலிருந்தும் எழுந்தருளியிருக்கும் ஆஸ்திக மஹாஜனங்களுக்கு அடியேனின் விஞ்ஞாபனம். இம்மலரில் திருவாராதன க்ரமத்தைப் பற்றியோ, வாஹனங்களின் தத்த்வத்தைப் பற்றியோ ஆண்டுதோறும் எழுதிவந்த அடியேன், இவ்வாண்டு ஒரு நன்றிக்கடனைப் பற்றி எழுத விழைகிறேன்.

வால்மீகி முனிவர் நாரதரை நோக்கி, இன்னின்ன குணங்கள் பொருந்திய புருஷன் இவ்வுலகில் உளனோ என்று வினவினார். அக்குணங்களுள் ஒன்று க்ருதஜ்ஞதை, அதாவது செய்ந்நன்றி அறிதல். ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திலும் 'க்ருதஜ்ஞ:' என்று எம்பெருமானுக்கு ஒரு திருநாமம் உண்டு. நாம் ஸமர்ப்பிக்கும் ஒரு துளஸீதளத்தையும் அவன் மறவான் என்றால், பேருபகாரம் பெற்ற நாம் அதை மறக்கலாமோ?

அதே ஸஹஸ்ரநாமத்தில் 'பேஷஜம்', 'பிஷக்' என்னும் திருநாமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. மருந்தும் அவனே, மருத்துவனும் அவனே. சரக ஸம்ஹிதையோ சிகித்ஸைக்கு நான்கு பாதங்கள் என்று வகுக்கிறது. வைத்தியர், மருந்து, நோயாளி ஆகிய மூவரோடு பணிவிடை செய்பவரையும் ஒரு பாதமாக வைத்தது. அவருக்கு வேண்டிய லக்ஷணங்கள் நான்கு: பணிவிடையின் முறையறிதல், கைத்திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை. வடமொழிப் பாடசாலையில் பயின்ற காலத்தில் எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லக் கேட்டதுண்டு. அதன் பொருளைக் கண்ணால் கண்டது சென்ற ஆண்டில்தான்.

அடியேனுடைய தர்மபத்தினிக்குப் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. இனி அகத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதே உசிதம் என்று மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். இரவெல்லாம் அவள் வேதனையில் முனகுவாள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்து, திருமேனியை ஒற்றி, சாற்றுப்படி செய்து பழகிய இந்தக் கைகளுக்கு, படுக்கைப் புண்ணோடு கிடக்கும் மனைவியைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியவில்லை. அப்புண்ணைக் கண்கொண்டு பார்க்கும் தைரியமும் இல்லை.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், நடமாட இயலாத நோயாளிகளின் வீடு தேடிச் செவிலியர்கள் வருகிறார்கள் என்று அண்டை அகத்தார் கூறினர். தகவல் கொடுத்தோம். ஒரு நாள் காலை, கையில் பையுடன் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார்.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது பாபம். மடி, ஆசாரம் என்று வளர்ந்த அடியேன், அவரை உள்ளே அழைக்க ஒரு கணம் தயங்கினேன். அவர் அதை அறிந்துகொண்டார். முகம் சுளிக்கவில்லை. செருப்பைக் கழற்றி, கால் அலம்பிக்கொண்டு, "உள்ளே வரலாமா, சாமி?" என்று கேட்டார். அடியேன் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது: "வாம்மா, உள்ளே வா." எழுந்திருக்க இயலாதவள் அழைத்தாள், எழுந்து நின்றவன் அழைக்கவில்லை.

வாரந்தோறும் அவர் வந்தார். புண்ணைக் கழுவிக் கட்டினார். வறண்ட உதடுகளை ஈரத்துணியால் துடைத்தார். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அடியேனுக்குக் கற்பித்தார். மருத்துவர் எழுதித் தந்த மார்ஃபின் மாத்திரையை, அது போதைப் பொருளாயிற்றே என்று அஞ்சி, வலி பொறுக்க முடியாதபோது மட்டும் கொடுத்துவந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சாமி, வலி வந்த பிறகு அதைத் துரத்துவது கடினம். மருத்துவர் சொன்ன அளவில், நான்கு மணிக்கொரு முறை நேரம் தவறாமல் கொடுங்கள். கோயிலில் பூஜைக்கு நேரம் தவறுவீர்களா?"

கோயிலில் ஆறு காலம் போல அகத்திலும் ஆறு காலம் அன்றுமுதல் நடந்தது. பல நாட்களுக்குப் பின் அவள் இரவில் உறங்கினாள்.

சென்ற ஆண்டு கருடஸேவை. வாஹனத்தின் மேல் பெருமாளை அணைத்துப் பிடித்தபடி அடியேன் நின்றிருந்தேன். எங்கள் திருமாளிகை வாசலில் புறப்பாடு நின்றபோது கீழே பார்த்தேன். திண்ணையில் தலையணைகளுக்கு நடுவே என் பத்தினி அமர்ந்திருந்தாள். அவள் தோளை அணைத்துப் பிடித்தபடி அந்தச் செவிலியர் நின்றிருந்தார். அன்று அவருக்குப் பணி நாள் அன்று. விடியற்காலையிலேயே வந்து, மருந்து கொடுத்து, வலி தணிந்த வேளை பார்த்து அவளை அமர்த்தியிருந்தார். அவள் கைகூப்பினாள். மேலே ஒருவன் பெருமாளைத் தாங்கினான்; கீழே ஒருவர் பெருமாளின் அடியாளைத் தாங்கினார். எது உயர்ந்த கைங்கர்யம் என்று அடியேனுக்கு அக்கணத்தில் விளங்கியது. நாற்பது நாட்கள் கழித்து, வேதனையின்றி அவள் ஆசார்யன் திருவடி அடைந்தாள்.

நம் பூர்வர்கள் இதை முன்பே காட்டியிருக்கிறார்கள். ஆளவந்தாரின் நோயைத் தாமே ப்ரஸாதமாக வாங்கிக்கொண்டவர் மாறனேரி நம்பி. அவர் நோயுற்றுக் கிடந்தபோது பெரிய நம்பி அவரைப் பேணினார். அவர் பரமபதித்தபின் சரமகைங்கர்யமும் தாமே செய்தார். குலத்தைச் சொல்லி ஊரார் பழித்தனர். எம்பெருமானார் வினவியபோது, பறவையாகிய ஜடாயுவுக்கு ஸ்ரீராமன் ஸம்ஸ்காரம் செய்ததைப் பெரிய நம்பி எடுத்துக்காட்டினார். எம்பெருமானார் உகந்தார். இவ்வரலாற்றை அடியேன் பல மேடைகளில் சொன்னவன். வாசலில் அது நேரே வந்து நின்றபோது தயங்கியவனும் அடியேனே.

நோயாளியைப் பேணுவது கோயிலுக்குப் புதிதும் அன்று. பாலாறு, செய்யாறு, வேகவதி கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததைக் கூறுகிறது. வைத்தியரோடு, நோயாளிகளுக்குப் பணி செய்த பெண்டிருக்கும் அதில் நிவந்தம் உண்டு. பெருமாள் பண்டாரத்து நெல்லில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

ஆகவே, அன்பர்களே! உத்ஸவம் ஸேவித்து ஊர் திரும்பியபின், உங்கள் தெருவுக்கு வெயிலில் பையுடன் வரும் செவிலியரைக் கண்டால், திண்ணையில் நிறுத்தாதீர்கள். உள்ளே அழையுங்கள். அமர ஓர் ஆசனமும் அருந்தத் தீர்த்தமும் கொடுங்கள். அகத்தில் நோயாளி இருந்தால், அவர் சொல்லித் தருவதைக் கூச்சமின்றிக் கற்று, உங்கள் கையாலேயே செய்யுங்கள்.

தம் பெயரை அச்சிட வேண்டாம் என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டார். எம்பெருமான் அதை அறிவான். க்ருதஜ்ஞனாகிய அவன், அவருக்கும் அவரைப் போன்று இல்லந்தோறும் சென்று உழைக்கும் எல்லோருக்கும் தீர்க்காயுளையும் ஆரோக்யத்தையும் அருள்வானாக என்று அவன் திருவடிகளில் ப்ரார்த்திக்கிறேன்.

சுபமஸ்து.

அடியேன்,
திருக்கோயில் அர்ச்சகன்