ரெம்பிராண்ட் வரைந்த செத்த மயில்கள்



மயில்னா நமக்கு முருகனோட வாகனம். அதனால ஒரு நண்பர் வாட்ஸ்அப்ல ஒரு ஓவியத்தை அனுப்பினப்ப எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. ரெண்டு செத்த மயில்கள். ஒன்று காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்குது. இன்னொன்று ரத்தத்தில் கிடக்கு.

வரைந்தவர் நெதர்லாந்தின் ரெம்பிராண்ட். காலம் ஏறக்குறைய 1639. இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கு.

அந்த நூற்றாண்டில் வேட்டையில் கொன்ற முயலையும் பறவையையும் வரைவது அங்கே தனி வகையாகவே வளர்ந்தது. யான் வீனிக்ஸ் அதில் பெரிய பெயர். வேட்டை பெரும்பாலும் பிரபுக்களின் உரிமை. அந்த உரிமை இல்லாத பணக்கார வியாபாரிகளும் இப்படங்களை வாங்கிச் சுவரில் மாட்டினார்கள், எல்லாம் ஒரு கெத்துக்குத்தான். ஆனால் அந்தப் படமே தினமும் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. எவ்வளவு அழகும் ஒரு நாள் இப்படித்தான் கிடக்கும். பிரெஞ்சு மொழியில் அசையாப் பொருள் ஓவியத்துக்குப் பெயரே 'இறந்த இயற்கை'.

மயில்னா இது இன்னும் அழுத்தம். ஐரோப்பாவில் மயில் கர்வத்துக்கு அடையாளம். மயிலின் உடல் அழுகாதுன்னு நம்பி, பழைய கிறிஸ்தவர்கள் அதை அழியா வாழ்வின் சின்னமாவும் வச்சிருந்தாங்க. அந்தப் பறவையைத்தான் ரெம்பிராண்ட் ரத்தத்தோடு காட்டுறார். அதற்குள் அவரே ரெண்டு கைக்குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார்.

படத்தில் ஒரு சிறுமியும் உண்டு. ஜன்னலில் கை ஊன்றி மயில்களையே பார்க்கிறாள். தொடவில்லை. வெறுமனே பார்க்கிறாள்.

அங்கேதான் எனக்குச் சுருக்குன்னு தைத்தது. போன வருஷம் ரோட்டோரம் வண்டியில் அடிபட்டு ஒரு மயில் செத்துக் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் இறகைப் பிடுங்கினாங்க. நானும் ரெண்டு பிடுங்கினேன். வீட்டுக்கு வந்து சாமி படத்தில் செருகினேன். பக்தின்னு நினைச்சேன். அந்த மயிலின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? சாவை வரைவது அவமரியாதைன்னு இப்போ நான் நினைக்கல. அழகை மட்டும் எடுத்துக்கிட்டு, சாவைப் பார்க்காம வந்தேனே, அதுதான் அவமரியாதை.

இறகுகள் இன்னும் அங்கேயே இருக்கு. விளக்கேற்றும்போது அந்த மயிலையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கிறேன்.

முருகா சரணம்.