கேமரா போன பிறகு

சைகோனில் பிறந்து, இரண்டு வயதில் அமெரிக்கா வந்து, சன்னிவேலில் வளர்ந்தவர் டோனி புய். நம்மில் பலர் வாடகை கொடுத்தும் வீட்டுக்கடன் கட்டியும் வாழும் அதே சன்னிவேல்தான். 1994இல் அமெரிக்கா பொருளாதாரத் தடையை நீக்கிய பிறகு வியட்நாமுக்கே போய், பெரும்பகுதி வியட்நாமிய மொழியிலேயே 'த்ரீ சீசன்ஸ்' படத்தை எடுத்தார். 1999இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் முதல் பரிசும் பார்வையாளர் பரிசும் அதற்கே கிடைத்தன.

அவசரமே இல்லாத படம். குளத்தில் பறித்த வெண்தாமரையை நகரத் தெருவில் விற்க வருகிறாள் கியென் ஆன். பக்கத்திலேயே பிளாஸ்டிக் தாமரை விற்பனைக்கு வந்துவிடுகிறது. அது வாடுவதே இல்லை. வெளியேறியவர் மனதில் வைத்திருக்கும் ஊரும் அந்தப் பிளாஸ்டிக் பூதானோ என்று தோன்றியது. இந்தப் படத்திலேயே வறுமைகூடக் கொஞ்சம் அதிக ஒளியில் நனைந்துதான் வருகிறது.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பவர், சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஹாயாக நடித்த டோன் டுவோங். அவர் நாட்டைவிட்டுப் போகாதவர். அடுத்து டோனியின் அண்ணன் திமோதி இயக்கிய 'கிரீன் டிராகன்' படத்திலும், மெல் கிப்சன் நடித்த 'வீ வேர் சோல்ஜர்ஸ்' படத்தில் வியட்நாமியத் தளபதியாகவும் நடித்தார். 2002இல் அங்குள்ள பத்திரிகைகள் அவரைத் துரோகி என்றன. பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. 2003இல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். 2011இல் கலிபோர்னியாவில் இறந்துபோனார்.

நான் எந்த ஊர்க்காரன் என்று நாம் இங்கே பக்கம் பக்கமாக எழுதலாம். அதற்காக யாரும் நம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கப்போவதில்லை. அதே கேள்விக்கு டோன் டுவோங் சார்பில் வேறு யாரோ பதில் சொல்லி முடித்துவிட்டார்கள். தெரிந்துதானே நடித்தார் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரே படத்தில் வேலை செய்தவர்களில், வீடு திரும்பும் இடம் ஆளுக்கு ஆள் வேறு.

நம் பிள்ளைகளும் இப்போது கேமராவோடு வன்னிக்குப் போகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசும் அம்மா, இவர்கள் விமானம் ஏறிய மறுநாளும் அதே ஒழுங்கையில்தான் இருப்பார். முகத்தைக் காட்டலாமா என்று அவரிடம் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். படம் வெளிவந்த பிறகு யாராவது வந்து கதவைத் தட்டினார்களா என்று, ஆறு மாதம் கழித்து அவருக்கு ஒரு போன் போடுகிறார்களா?