வெறுங்கூடை

மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவனைப் பற்றி உலகம் இரண்டு விதமாகப் பேசுகிறது. வீட்டிலுள்ளவர்கள் கேலி செய்கிறார்கள். புத்தகம் எழுதுகிறவர்கள் அவனை ஞானியாக்கி விடுகிறார்கள். கேலியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. ஞானப் பட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் சந்தேகம்.

இந்தப் பட்டத்தைத் தாராளமாக வழங்கியவர்கள் ஆங்கிலேயர்கள். 1653-இல் ஐசக் வால்டன் என்பவர் லண்டனில் தூண்டிலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சிந்திக்கும் மனிதனுடைய பொழுதுபோக்கு இது என்று தலைப்பிலேயே அறிவித்துவிட்டார். 1676-இல் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் ஈத்தூண்டிலைப் பற்றி ஒரு பகுதி எழுதி அதில் சேர்த்தார். ஆற்றங்கரையில் ஒருவன் அசையாமல் நின்றால் அவன் தியானத்தில் இருக்கிறான் என்று அந்த நாட்டு வாசகர்கள் நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று நினைக்கிறேன். கொக்கும் அப்படித்தான் நிற்கிறது.

நான் நேரில் பார்த்த ஈத்தூண்டில்காரர் ஒருவரே. நீலகிரியில் வேலை பார்த்தவர். அங்கே ஓடைகளில் இருக்கும் வானவில் டிரவுட் நம் ஊர் மீன் அல்ல. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளைச் சேர்ந்தது. குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் பிழைக்காது. ஊர் ஏக்கம் பிடித்த வெள்ளைக்காரர்கள் பலமுறை முயன்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்து ஓடைகளில் விட்டார்கள். அவர்கள் போய்விட்டார்கள், மீன் தங்கிவிட்டது. நண்பர் முறையாக அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் அந்த மீனைத் தேடினார். கிடைத்ததை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

ஒரு நாள் முழுவதும் அவர் பின்னால் நடந்தேன். இது நம் ஆற்றங்கரையில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை அல்ல. இரையாக இருப்பது இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த ஒரு பொய் ஈ. அதற்கு எடையே கிடையாது. ஆகையால் நூலையே கனமாகச் செய்து, கோலைப் பின்னால் வீசி, நூல் முழுவதும் முதுகுக்குப் பின் நீளும் வரை ஒரு கணம் காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணம் பொறுக்காதவனுக்கு நூல் தலையிலேயே விழும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். எனவே மனிதன் கீழிருந்து மேலாக, நிழல் விழாமல் வரவேண்டும். நீரோட்டம் நூலைப் பிடித்து இழுத்தால் ஈ தண்ணீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு போகும். உயிருள்ள பூச்சி அப்படிப் போகாது என்பது மீனுக்குத் தெரியும். நண்பர் கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருந்த புழுக்களைப் பார்த்தார். எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் தயங்குகிறது என்று காட்டினார். மாலை வரையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

“எனக்கு மீன் வேண்டியதில்லை ஐயா, ஆறுதான் வேண்டும்” என்றார்.

“அப்படியானால் தூண்டில் எதற்கு?” என்று கேட்டேன்.

“ஒரு நாள் கோலை வீட்டில் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அரை மணியில் திரும்பிவிட்டேன். பார்க்க ஒன்றுமே இல்லை.”

இந்தப் பதிலை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பலனில் பற்று வைக்காதே என்ற கீதையின் உபதேசத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்துவது சுலபம். ஆனால் அது கடமையைச் செய்கிறவனுக்குச் சொன்னது. அவரை ஓடைக்குப் போகச் சொன்னது எந்தக் கடமை? தவிரவும், ஒவ்வொரு வீச்சிலும் மீனை அவர் விரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. விரும்பாத கண்ணுக்குத் தண்ணீர் வெறும் தண்ணீர்தான். தயங்கும் நீரையும் ஓடும் நீரையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது ஆசை. அந்த ஆசை மற்றொரு உயிரைப் பிடிக்கிற ஆசை என்பதுதான் சங்கடம்.

பிடிக்கவில்லையே, பின் என்ன பாவம் என்று கேட்கலாம். பூட்டுத் திறக்காததால் திரும்பிப் போன திருடனை நாம் யோக்கியன் என்று சொல்லுவதில்லை. குறி தவறியது அருளாகிவிடாது. அன்றியும், கூடை காலியாக இருந்தால் கணக்கும் காலியாக இருக்கும் என்பதில்லை. நண்பருடைய பெட்டியில் பழைய ஈக்கள் சில இருந்தன. ஒரு தோட்டத் துரையிடமிருந்து கைமாறி வந்தவை. அவற்றில் மெழுகுத் துளி விட்டாற்போல வெளிர்மஞ்சள் புள்ளி கொண்ட இறகுகளைக் கண்டேன். அவை நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுகள். தூண்டில் ஈக்குக் கண் வைப்பதற்காக அந்தக் கழுத்துத் தோல்கள் ஒரு காலத்தில் கப்பலேறி இங்கிலாந்து போயின. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அந்தக் கோழியை வேட்டையாடுவது இன்று குற்றம். மீனே கிடைக்காத நாளிலும் ஒரு பறவை செத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் 2008-இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் இன்னொரு கோணத்தைக் காட்டுகின்றன. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவது அங்கே கூடாது. தின்பதற்காகப் பிடிப்பது ஒரு நியாயம். விளையாட்டுக்காக ஓர் உயிரை வாயில் முள்ளேற்றி இழுப்பதற்கு நியாயம் இல்லை என்பது கருத்து. இதன்படி பார்த்தால், மீனைப் பொரித்துத் தின்னப் போகிறவன் நிரபராதி. மீன் வேண்டாம், ஆறு போதும் என்கிற ஞானிதான் கூண்டில் ஏற வேண்டும்!

நண்பருக்கு இப்போது வயதாகிவிட்டது. கோல் பரணில் கிடக்கிறது. சென்ற முறை பார்த்தபோது இந்தச் சுவிஸ் விதியைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

“கிடைத்திருந்தால் சாப்பிட்டிருப்பேன் ஐயா” என்றார் கடைசியில்.

கிடைத்த அந்த நாலைந்தையும் தோட்டக்காரனிடம் கொடுத்துவிட்டவர் அவர். அந்த வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை.