சார்பும் இயல்பும்

ஓர் உயிரின் இயல்பு பிறப்போடு வந்து மாறாது நிற்பதா, அன்றி அது எதனைச் சார்ந்து வாழ்கிறதோ அதனால் அமைவதா என்னும் வினாவுக்கு, சார்ந்ததன் வண்ணமாதலே ஆன்மாவின் இலக்கணம் என்று சைவ சித்தாந்திகள் விடை கூறினர். 1933-இல் கென்னத் ரேப்பர் வட கரோலினாவின் காட்டுச் சருகுகளினின்று பிரித்தெடுத்த டிக்டியோஸ்டீலியம் என்னும் சளிப்பூஞ்சையின் வாழ்க்கை, அவ்விடையை மீண்டும் சிந்திக்கத் தூண்டுகிறது.

பாக்டீரியாக்கள் உணவாகக் கிடைக்கும்வரை தனித்தனி அமீபாக்களாய்ப் பெருகும் இவ்வுயிர், பசி நேர்ந்ததும், சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் இரசாயனத்தால் ஒன்றையொன்று அழைத்து, ஒரு லட்சம் உயிரணுக்கள்வரை கூடி, ஒரு நாளைக்குள் தண்டும் வித்துக்களும் உடைய ஓருருவாய் எழுகின்றது. இந்த ரூபபேதத்தினிடையே அணுக்களின் டி.என்.ஏ. மாறுவதில்லை, அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.யே மாறுகின்றது. வளர்ச்சிக் காலத்து ரிபோசோம்கள் பெரும்பாலும் சிதைய, அதுவரை காணப்படாத தூது ஆர்.என்.ஏ. வகைகள் 2,000-க்கு மேற்பட்டவை, அணுக்கள் கூடிய பின்னரே வெளிப்படுகின்றன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வி லோடிஷின் ஆய்வுக்குழுவினர் அக்கூட்டத்தைக் கலைத்துப் பார்த்தபோது அவற்றுட் பல விரைவில் மறைந்தன, சைக்ளிக் ஏ.எம்.பி. சேர்த்தபோது மீண்டும் தோன்றின. ஆகவே, அடைந்துவிட்ட இயல்பும் சார்பு நீங்கின் நீங்குவதே.

ஆயினும், எத்தனை பாக்டீரியாக்களை ஒருங்கே வைத்தாலும் அவை சளிப்பூஞ்சையின் தண்டாக எழுவதில்லையாதலின், உள்ளுறையும் ஆற்றலின்றிச் சார்பு மட்டும் எதனையும் படைப்பதில்லை என்பதும் தெளிவு. சார்ந்ததன் வண்ணமாதலுக்குச் சித்தாந்திகள் உவமை கூறும், மலரின் நிறத்தை ஏற்கும் பளிங்கு, மலருக்கு எதனையும் தருவதில்லை. சளிப்பூஞ்சையின் அணுவோ, அழைப்பைக் கேட்டு, அதே அழைப்பைத் தானும் விடுத்து, பிறவற்றுக்குச் சார்பாகிறது.

ஒரே குலத்து அணுக்களுள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தண்டாகி மடிய, எஞ்சியவை வித்தாகி வாழ்கின்றன. அறிந்து செய்யாத இதனைத் தியாகம் என்று புகழ்வது பொருந்தாது. அறிவு படைத்த மனிதனுக்கோ, தான் சாரவேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையோடு, பிறர்க்குத் தான் எத்தகைய சார்பாயிருக்கிறான் என்று ஆராயும் கடமையும் உண்டு. ஒருவனைப் பிறவியிலேயே இழிந்தவன் என்று தீர்ப்புக் கூறுவோர், அவன் உள்ளத்து நன்மை வெளிப்படுதற்கு வேண்டிய சார்பைத் தாம் அளித்தனரா என்று முதலில் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும்.