சாயம் பூசாதே, மெருகேற்று!

தம்பி, தங்கச்சி! "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிட்டு "மலாக்கா டவுன்" என்று சொல்கிறாயா? நானும் அப்படிச் சொன்னவன்தான். ஜாசின் பக்கத்துப் பால்மரத் தோட்டத்தில், தகரக் கூரை லயத்தில் பிறந்தவன் நான். டவுனுக்குப் படிக்க வந்த நாள்முதல் பல வருடம் அதை மறைத்தே வாழ்ந்தேன். அந்தப் பொய்யை என்னிடமிருந்து உரித்தெடுத்தது ஒரு பழைய கிராமபோன் பெட்டி.

தோட்டத்துக் கிராணியிடம் தாத்தா பழையதாக வாங்கிய பெட்டி அது. கைப்பிடியைச் சுற்றி முடுக்கினால் நிமிடத்துக்கு 78 சுற்றில் தட்டு ஓடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு. அதற்காக லயமே வாசலில் வந்து உட்காருமாம். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயம் காலியானது, பெட்டியும் எங்களோடு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தது. ஒரு தீபாவளிக்குச் சுவருக்கு அடித்ததில் மிஞ்சிய நீலச் சாயத்தை யாரோ அதன்மேலும் பூசிவிட்டார்கள். மூலை பிளந்தது. மேலே ஒட்டியிருந்த வினீர் உப்பியது. அடிப்பலகையைப் பூச்சி துளைத்தது.

ஒருநாள் அதை ஜோங்கர் ஸ்திரீட்டுக்குத் தூக்கிப்போனேன். பழம்பொருள் வியாபாரி ஒருவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளே இருக்கிற மெஷினுக்கு ஏதாவது தரலாம். பெட்டி குப்பை" என்றார்.

குப்பை! அந்தச் சொல் நெஞ்சில் கங்காக விழுந்தது. நம்மையும் அப்படித்தானே எத்தனை வாய்கள் சொல்லியிருக்கின்றன? "தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் வருமா?" என்று கேட்ட வாய்களை நீயும் பார்த்திருப்பாய். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எங்கள் மாடியில் தச்சுவேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் காட்டியதும் பெட்டியைக் கவிழ்த்தார். யார் கண்ணிலும் படாத அடி மூலையில் பஞ்சால் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்தார். சிறிது நேரத்தில் நீலச் சாயம் தோலைப்போல் சுருண்டு வந்தது. கீழே செம்பழுப்பு நிறத்தில் மரத்தின் ரேகை மின்னியது.

"பார்த்தியா தம்பி? பழைய காலத்து அரக்கு மெருகு இது. சாயத்தை மரத்துக்குள்ளே இறங்கவிடாமல் இத்தனை வருஷம் தாங்கி நின்றிருக்கு" என்றார்.

என்னை உலுக்கிய சொல் அது. உன்மேல் எத்தனை பேர் எத்தனை சாயம் பூசியிருந்தாலும், உன் அம்மாவும் அப்பாவும் உனக்குள் ஏற்றிய மெருகு ஒன்று அடியில் இருக்கிறது. விடியுமுன்னே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போன கால்களின் மெருகு அது. எந்தச் சாயத்துக்கும் அது வழிவிடாது. நீயே வழிவிட்டால்தான் உண்டு!

மறுநாள் வேலையைத் தொடங்கினோம். முதல் கேள்வி பூச்சி. துளையிலிருந்து மாவாகப் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதற்கு மருந்து ஏற்றாமல் மேலே பளபளப்பாக்குவது வீண். உன்னை உள்ளிருந்து அரிப்பது எது? சம்சுச் சாராயமா, சூதா, "நமக்கு இவ்வளவுதான்" என்ற முணுமுணுப்பா? முதலில் அதைக் கொல்! மெருகு பிறகு.

அடுத்தது பிளந்த மூலை. அந்தக் காலத்துப் பெட்டிகளை வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. ஈரத்தில் இளகும், இழுத்தால் விட்டுக்கொடுக்கும். பசை விட்டுக்கொடுத்ததால்தான் பலகை முறியாமல் தப்பித்தது. தேர்வில் தோற்றாயா? வேலை போனதா? விட்டது மூட்டு மட்டும்தான், மரம் முழுசாக இருக்கிறது! ஆனால் ஒன்று: காய்ந்துபோன பழைய பசைமேல் வேறு பசை பிடிக்காது. வெந்நீர்த் துணியால் துடைத்து, சுரண்டி, மூட்டைச் சுத்தம் செய்தோம். பழைய கசப்பைக் கழுவாத மனத்திலும் புதிய முயற்சி ஒட்டாது. வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கிய வஜ்ஜிரத்தைத் தடவி, கிழிந்த சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டினோம். நம் ரப்பர்தான் விடியும்வரை அந்த மூட்டைப் பிடித்து நின்றது.

உப்பிய வினீர்தான் பெரிய சோதனை. ஒரு மில்லிமீட்டர்கூட இராத மரத்தோல் அது. ஒட்டிப் படியவைத்துத் தேய்க்கும்போது உப்புத்தாளைக் கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. என் கை நடுங்கியது. அம்மா என் கையிலிருந்து தாளை வாங்கினார். முப்பது வருடம் பால்வெட்டிய கை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் சீவ வேண்டும். கத்தி மரத்தைத் தொட்டால் அந்த இடம் காயமாகும், பட்டை முடிச்சாக வளரும், மறுபடி வெட்டப் பால் ஒழுங்காக வராது. அந்தக் கணக்கு அம்மாவின் விரலில் இருந்தது. வினீர் கிழியவில்லை. "கூலி வேலை" என்று ஊர் இளப்பமாகச் சொன்னதே, அது எத்தனை நுணுக்கமான கைத்திறன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் டவுனில் மறைத்து வைத்த தாய் அந்தத் தாய்!

கடைசியில் மெருகு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தில் நனைத்து, காற்றைப்போல் மெல்லிசாக, பூச்சுமேல் பூச்சாக ஏற்ற வேண்டும். மூடியின் உட்புறத்தில் நாய் படம் போட்ட முத்திரை இருந்தது. ஸ்பிரிட் பட்டால் அழிந்துபோகும் என்று அதை விலக்கியே வேலை செய்தோம். இசைத்தட்டும் அதே அரக்கைக் கலந்து செய்ததுதான், அதிலும் ஸ்பிரிட் படக்கூடாது. அரக்கு என்பது இந்தியக் காட்டுமரக் கிளைகளில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். ஒரு பூச்சி துளைத்த பெட்டியை இன்னொரு பூச்சியின் உழைப்பு மீட்டது. மழை ஈரத்தில் பூசினால் மெருகு வெளுத்துவிடும். மலாக்கா மழை விடும் நாளுக்காகக் காத்திருந்து, ஒரு மாதம் பூசினோம். அவசரக்காரனுக்கு மெருகு ஏறாது!

வசதி இல்லை, குறை இருக்கிறது என்கிறாயா? 1877இல் கிராமபோனுக்கு முன்னோடியான போனோகிராப்பைக் கண்டுபிடித்த எடிசனுக்குச் சிறுவயதிலிருந்தே காது மந்தம். கருவியின் மரத்தைப் பல்லால் கடித்து, எலும்பு வழியாகப் பாட்டைக் கேட்டார். காது அடைத்தால் பல்லால் கேட்டவர் அவர். உனக்கு ஒரு கதவு அடைத்தால் நீ எதைக் கடித்திருக்கிறாய்?

நம் மண்ணையே பார். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில், தான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப்பயிராக நட்டார். அதன்பின் பல காலம், பால் வற்றிய மரத்துக்கு விறகு என்ற ஒரே பெயர்தான் இருந்தது. வெட்டிய வேகத்தில் பூச்சியும் பூசணமும் பிடித்துவிடும். போரான் மருந்து ஏற்றி, முறையாக உலர்த்தக் கற்றார்கள். இன்றைக்கு அதே பால்மரம் பக்கத்து மூவாரில் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பலேறுகிறது. அடுப்புக்கு என்று விதித்த மரம் உலகத்து வீடுகளின் கூடத்தில் நிற்கிறது. உன்னை விறகு என்றவன் சொல்லை ஏன் கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்கிறாய்?

வேலை முடிந்த மாலை, புது ஊசி போட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். கரகரப்புக்கு நடுவே பாட்டு எழுந்தது. அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியின் இடது மூலையில் ஒரு பழைய வெட்டுக்காயம் மட்டும் இன்னும் இருக்கிறது. நிரப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். லயத்தில் பட்ட காயம், லயத்தின் கையெழுத்தாகவே இருக்கட்டும்.

எழுந்திரு! உன்மேல் இருக்கிற சாயத்தை இன்றைக்கே ஒரு மூலையில் சுரண்டிப் பார். நாளைக்கு நேர்முகத்தேர்வில், கல்யாண வீட்டில், எங்கே யார் "எந்த ஊர்?" என்று கேட்டாலும் நிமிர்ந்து நின்று தோட்டத்தின் பெயரைச் சொல். அதுதான் முதல் பூச்சு.