கரைவலைப் பாட்டுக்கு உரியவர் யார்?

அறிவும் கலையும் தனியொருவர் உடைமையா, எல்லார்க்கும் பொதுவா என்னும் வினா எழும்போதெல்லாம் இரு சாராரே பெரும்பாலும் எதிரெதிர் நின்று வாதிடுகின்றனர். படைத்தவனின் உழைப்புக்குப் பயன் வேண்டும் என்பர் ஒரு சாரார். இணையம் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும், பூட்டி வைத்த அறிவால் யாருக்கும் பயனில்லை என்பர் மறு சாரார். இவ்விரு சாராரும் பேசாது விடுகின்ற பொருள் ஒன்றுண்டு. படைத்தவன் இன்னான் எனச் சுட்ட முடியாதது. எனினும் உரியவர் எவருமில்லை என்று ஒதுக்கவும் முடியாதது. மீனவரின் அம்பாப் பாட்டு அத்தகையது.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலே மேற்குக் கடலை நோக்கி அமைந்த மீனவ ஊர் கண்டக்குழி. இக்கரையோரத்தின் பழைய தொழில்களுள் ஒன்று கரைவலை. வலையைத் தோணியிற் கொண்டுசென்று அரைவட்டமாகக் கடலில் வளைத்து, அதன் இரு தலைக் கயிறுகளையும் கரையில் நிற்போர் இரு அணியாகப் பிரிந்து இழுப்பர். அனைவர் கையும் ஒரே கணத்தில் இழுத்தாலன்றி மடி கரைசேராது. அவ்வொருமையை உண்டாக்குவதே பாட்டு. ஒருவர் அடியெடுத்துப் பாட ஏனையோர் ஏற்றுப் பாடுவர். இழுவை நீண்டால் பாட்டும் நீளும். அப்போது அடியெடுப்பவர் தம் நாவில் வந்ததைச் சேர்த்துக்கொள்வார். ஆகவே பாட்டைப் 'பழையது' என்று மட்டும் கூறுதல் பிழை. ஒவ்வோர் இழுவையிலும் அது சிறிது புதிதாகின்றது.

ஓங்கில்களைக் காண இக்கரைக்கு உல்லாசப் பயணிகள் பலர் வருகின்றனர். அவருள் ஒருவர் பாட்டொன்றைக் கைத்தொலைபேசியிற் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினார் எனக் கொள்ளலாம். இங்கு யாருக்கு யாது உரிமை?

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு விடை கூற முயல்கின்றது. நூலாசிரியர் ஒருவரின் பதிப்புரிமை அவர் வாழ்நாளிலும் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். ஒலிப்பதிவைத் தயாரித்தவர்க்கும் 50 ஆண்டுக்கால உரிமையுண்டு. நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளையோ அச்சட்டத்தின் 24 ஆம் பிரிவு தனியே எடுத்துக்கொள்கின்றது. வணிக நோக்கிலோ மரபான சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பயன்படுத்துவோர் அனுமதி பெறல் வேண்டும். அவ்வனுமதியை வழங்குபவர் பாடிய சமூகத்தினர் அல்லர். அமைச்சர் குறித்துரைக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியே ஆவார். பெறப்படும் கட்டணமும் கண்டக்குழிக்குச் செல்லுமாறு விதிக்கப்படவில்லை. பண்பாட்டு வளர்ச்சி எனும் பொதுப்பணிக்கே அது ஒதுக்கப்படுகின்றது. கரையின் பேராற் பெற்ற உரிமை கரையைத் தாண்டி எங்கோ சென்று தங்கிவிடுகின்றது.

'மரபான சூழல்' என்னும் தொடரே மேலும் சிந்தித்தற்குரியது. இலங்கையின் பல கரைகளில் கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கும் வழக்கம் வந்தது. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டியதில்லை. கயிறு பிடித்த கைகள் குறையக் குறையப் பாட்டின் சூழலும் சுருங்குகின்றது. அந்நிலையில் ஒரு முதிய மீனவர் கோயில் விழா மேடையிலேறி அதே பாட்டைப் பாடுவாராயின், எழுத்துக்கு எழுத்து நோக்கும் வழக்கறிஞர் அதனையும் சூழலுக்குப் புறம்பானதெனக் கூறலாம். தம் தந்தையிடம் கற்ற பாட்டுக்குக் கொழும்பிலே அனுமதி கேட்பதா? சட்டத்தின் நோக்கம் அதுவன்று என்பது தெளிவு. ஆயினும் பாதுகாக்கப்படுவோரைக் கேளாது இயற்றிய பாதுகாப்பு இத்தகைய இடங்களிலேதான் இடறுகின்றது.

அரசு உரிமையை ஏற்பது எப்போதும் தவறாகாது. 1921 இல் மறைந்த பாரதியின் படைப்புகள் பின்னாளிலே பலர் கைமாறி, அவருடைய பாடல்களின் உரிமை திரைப்படத் தயாரிப்பாளரான ஏ.வி. மெய்யப்பனிடமும் இருந்தது. 1949 இல் சென்னை அரசாங்கம் அவ்வுரிமைகளைத் தன்வயமாக்கிற்று; பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. அங்கே அரசு வாங்கியது திறந்துவிடுவதற்காக. கண்டக்குழிப் பாட்டிலோ அரசு, திறந்து கிடந்த ஒன்றின் வாயிலிற் காவலிருக்கின்றது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் பொருந்தாது.

அங்ஙனமாயின் பாட்டை முற்றாகத் திறந்துவிடுதலே தக்கதென இணைய உரிமையாளர் கூறுவர். அவர் கூற்றில் வலுவுண்டு. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டத் தொடங்கிய நூலகத் திட்டமும் இல்லையேல் எத்தனையோ தமிழ் நூல்கள் இன்று எவர் கண்ணிலும் பட்டிரா. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் படிகள் பெருகுவதே பாதுகாப்பு என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அம்பாப் பாட்டுக்கும் அது பொருந்தும். பாடுவோர் அருகிய பின் பதிவே எஞ்சும்.

ஆயினும் நூலுக்கும் பாட்டுக்கும் ஒரு வேற்றுமையுண்டு. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் இருக்கும். எத்தனை படியெடுத்தாலும் அது கூடவே செல்லும். பாட்டோ கரையைவிட்டு நீங்கிய கணமே பெயரிழக்கின்றது. 'மீனவர் பாட்டு' என்ற தலைப்பில் உலகெங்கும் உலவும் அது எக்கரையில் எழுந்ததென எவரும் அறியார். யூடியூப் கையாளும் தானியங்கி ஒப்பீட்டு முறையும் பதிவைப் பதிவோடு ஒப்பிடுமேயன்றிப் பாட்டின் பிறப்பை வினவாது. மேற்கூறிய 24 ஆம் பிரிவிலேயே, அதிகம் பேசப்படாத ஒரு விதி இருக்கின்றது: நாட்டார் வெளிப்பாட்டை அச்சிடுவோரும் ஒலிபரப்புவோரும் அது பெறப்பட்ட சமூகத்தை அல்லது இடத்தைக் குறிப்பிடல் வேண்டும். அப்பிரிவின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம். அனுமதியும் கட்டணமும் பாட்டின் நடமாட்டத்தைத் தடுக்கக்கூடும். ஊர்ப்பெயரைச் சொல்லுதல் எதனையும் தடுப்பதில்லை.

பெயர் சுட்டுதல் மட்டும் போதுமா என்பது எஞ்சும் வினா. கரையில் ஆடவர் தமக்குள் பாடும் கேலியடி சில, தம் வீட்டார் செவிக்கு எட்டக்கூடாது என்று அவரே கருதுபவை. அவற்றைக் 'கண்டக்குழிப் பாட்டு' எனப் பெயரிட்டு ஏற்றுதல் நன்றியாகாது, அம்பலப்படுத்தலாகும். பாடுவோரின் இசைவு பெற்றே அவர் பாடுவதைப் பதிவுசெய்து வெளியிடல் வேண்டும் என்ற உரிமையையும் அதே சட்டம் நிகழ்த்துவோர்க்கு அளித்துள்ளது. அதிகாரியிடம் செல்லாது, கயிறு பிடித்து நிற்பவரிடமே நேரிற் கேட்கத்தக்க இசைவு அது. கேட்பதற்கு வேண்டியது இழுவை முடிந்து மடி கரையேறும் வரை காத்திருக்கும் நேரமே.